தீ இல்லாமல் தீப்பற்றுநிலை பார்த்த கதை

இந்தக் கதையில் யாருக்கும் தீக்காயம் படாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செல்வங்களா. உங்களில் மனசு இளகினவர்கள் இருப்பீர்கள். பாதியில் எழுந்து போய்விடக் கூடாதே. ஒரே ஒருவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். அதுவும் வர வேண்டிய நேரத்தில்தான் வரும்.

ஒரு தெருவில் ஒரு வெல்டர் கடை வைத்திருந்தார். ஜன்னல் கம்பி, கால் உடைந்த நாற்காலி, கீல் போன கதவு, எது வந்தாலும் ஒட்டவைத்துக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். வாடிக்கையாளர் பேரம் பேசினால் முகமூடியைக் கீழே இறக்கிக்கொள்வார், பேரம் முடிந்துவிடும்.

அவர் கடைக்குப் பக்கத்து அறையை அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வாடகைக்கு எடுத்தான். எடுத்தவன் சும்மா இருந்தானா? பெயின்ட் கரைக்கிற தின்னரை டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து அடுக்கினான். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர். சுவரின் உச்சியில், காற்று வரட்டுமே என்று எவரோ புண்ணியவான் விட்டுவைத்த ஓட்டை.

தின்னர் வாசனை உங்களுக்குத் தெரியும். மூக்கு வழியாக ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அந்த வாசனை ஓட்டை வழியாக வந்த அன்றைக்கே வெல்டர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். வெல்டிங் என்றால் பொறி பறக்கும். பொறிக்கு, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லி அனுப்ப முடியுமா?

"மாப்ளே, இதை இங்க வைக்காதப்பா. ஒரு பொறி போதும், நீயும் நானும் சேர்ந்து போய்ச் சேர்ந்துடுவோம்" என்றார் வெல்டர்.

"மாமா, இது பத்தாது. சான்றிதழ் இருக்கு."

இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருந்தான். தீப்பற்றுநிலை நிர்ணய நிலையம் கொடுத்தது. தின்னர் சாதாரணத் திரவம், தண்ணீர், பால் வகையறாவோடு சேர்ந்தது, குடியிருப்புப் பகுதியில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி, கீழே வட்டமான முத்திரை.

"பாலா?" என்றாள் வெல்டரின் மனைவி. "அப்ப ஒரு தம்ளர் குடிச்சுக் காட்டுடா."

"அக்கா, உனக்கு எல்லாத்துலயும் விளையாட்டு."

விளையாட்டாக இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கேட் செய்து தருவதாக வெல்டர் ஒப்புக்கொண்டிருந்தார். பாதிக் கேட் கடைச் சுவரில் சாய்ந்து நின்றது. தொழிலைத் தொடர்ந்தால் கடையோடு சேர்ந்து வானத்துக்குப் போக வேண்டும். தொடராவிட்டால் கடையை மூடிவிட்டு வேறு யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டும். ஒரே ஒரு வழிதான் இருந்தது. நிலையம் தன் வாயால் 'இது தீப்பற்றும் திரவம்' என்று சொல்லிவிட்டால், டிரம்கள் ஊருக்கு வெளியே போயாக வேண்டும். சட்டம் அப்படி. அதனால் மறுசோதனை கேட்டுப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கிளம்பினார்கள்.

நிலையத்தின் வாசலில் ஒரு காவலர் இருவரையும் நிறுத்தி, பையைத் தடவினார். வெல்டர் பையில் எப்போதும் இருக்கும் லைட்டர் கிடைத்தது. அதைப் பாம்புக்குட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, மணல் வாளிக்குள் புதைத்தார்.

"இதுக்கே இப்படின்னா, அங்க டிரம் டிரம்மா இருக்கே. எனக்கு வயிறு எரியுது அண்ணே" என்றாள் மனைவி.

காவலர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்த வார்த்தையை உள்ள சொல்லாதீங்கம்மா."

"எந்த வார்த்தையை?"

"அதான், வயித்துக்கு ஆகுதுன்னு சொன்னீங்களே."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"வயிறு லேசா வெதுவெதுப்பா இருக்குன்னு சொல்லலாம். அதுக்கு அனுமதி உண்டு."

உள்ளே சோதனைக் கூடத்தில் ஓர் ஆய்வாளர் அம்மா இருந்தார். படித்தவர், பதமாகப் பேசுகிறவர், ஆனால் ஏதோ ஒன்றை ரொம்ப நாளாக விழுங்கிக்கொண்டே இருப்பவர் மாதிரி முகம். தீப்பற்றுநிலை என்றால் என்ன என்று அவரே பொறுமையாகச் சொன்னார். ஒரு திரவத்தைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி மூடி, சீராகச் சூடேற்ற வேண்டும். கொஞ்சம் சூடு ஏற ஏற மூடியிலுள்ள சின்னக் கதவைத் திறந்து ஒரு சிறு தீயைக் காட்ட வேண்டும். மேலே நிற்கும் ஆவி எந்தச் சூட்டில் முதன்முதலாகப் பளிச்சென்று பற்றுகிறதோ, அதுதான் தீப்பற்றுநிலை. குறைந்த சூட்டிலேயே பற்றினால் ஆபத்து அதிகம்.

"தின்னர் சூடு பண்ணாமலே பத்திக்குமே" என்றார் வெல்டர்.

ஆய்வாளர் அம்மா தின்னரைக் கிண்ணத்தில் ஊற்றினார். சூடேற்றினார். கதவைத் திறந்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து, கம்பி முனையில் மாட்டிய ஒரு குட்டிச் சிவப்பு பல்பை எடுத்து, பொத்தானை அழுத்தி, கிண்ணத்துக்கு நேராகக் காட்டினார். பல்ப் சிவப்பாக எரிந்தது. தின்னர் பேசாமல் இருந்தது.

"பற்றவில்லை" என்று எழுதிக்கொண்டார்.

வெல்டர் பல்பைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, தீ எங்க?" என்று மனைவிதான் கேட்டாள்.

"இந்தக் கட்டடத்துல தீக்கு அனுமதி இல்லம்மா. பாதுகாப்பு விதி. அதுக்குப் பதிலா அங்கீகரிக்கப்பட்ட தீ இது."

"இதுல எதுவாவது என்னிக்காவது பத்தியிருக்கா?"

ஆய்வாளர் அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு தடவை. சிவப்பு கலர் இருமல் மருந்து. பல்பைக் காட்டினதும் கிண்ணமே தகதகன்னு இருந்துச்சு. மேலதிகாரி எட்டிப் பார்த்துட்டு, பத்திருச்சுன்னுட்டார். முதல் வகுப்பு அபாயப் பொருள். இப்ப அந்த மருந்து வர்ற லாரிக்கு முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி. மருந்துக் கடைக்காரர் இருமல் மருந்தை மணல்ல புதைச்சு வச்சு விக்கிறார்."

இயக்குநரைப் பார்த்தால்தான் முடியும் என்று அவரே இருவரையும் மாடிக்கு அனுப்பிவைத்தார்.

இயக்குநர் நல்ல மனிதர். வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் சுவர் நிறையக் கேடயங்கள். எல்லாம் பாதுகாப்புக்காக வாங்கியவை.

"நான் பதவி ஏற்ற அன்னைக்கு அந்தச் சோதனைக் கூடத்துக்குப் போனேன்" என்று ஆரம்பித்தார். "என்ன பார்த்தேன்னு நினைக்கிறீங்க? தீ. தீயைப் பற்றி நாட்டுக்கே எச்சரிக்கை பண்ற இடத்துல, மேசை மேல, பகிரங்கமா தீ. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. அன்னைக்கே நிறுத்தினேன். அதுக்கு முன்னாடி இங்க வர்ற திரவத்துல பாதிக்கு மேல பற்றிக்கிட்டு இருந்துச்சு. இப்போ? ஒரு இருமல் மருந்தைத் தவிர ஒண்ணு கிடையாது. நாட்டுல பற்றக்கூடிய பொருளோட எண்ணிக்கையையே ஒரு நிலையம் தனியா நின்னு குறைச்சிருக்குன்னா, அது சாதாரண விஷயமா?"

"பெட்ரோலும் பத்தலைங்களா?" என்றாள் மனைவி.

"பெட்ரோலும் பற்றவில்லை" என்றார் இயக்குநர், அடக்கமாக.

"அப்ப வண்டியெல்லாம் எப்படிங்க ஓடுது?"

"அது போக்குவரத்துத் துறை."

வெல்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் பயந்துபோய்த் தொழிலை நிறுத்திவைத்திருப்பதைச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். இயக்குநரின் முகம் மாறியது.

"நிறுத்தி வச்சிருக்கீங்களா? எங்க சான்றிதழ் வாசல்ல தொங்கும்போது, பக்கத்துல பயந்துக்கிட்டு நின்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? இது சான்றிதழை அவமதிக்கிற காரியம்."

மறு வாரமே உத்தரவு வந்தது. நிலையத்தின் குழு நேரில் வரும். குழுவின் முன்னிலையில் வெல்டர் கிடங்கின் அருகே தீயைக் கையாண்டு, சான்றிதழ் மேல் தனக்குள்ள நம்பிக்கையை நிரூபிக்க வேண்டும். மறுத்தால் கடையின் உரிமம் ரத்து.

"பாத்தியாடா உன் பால் பண்ண வேலைய" என்று தம்பியிடம் உத்தரவைக் காட்டினாள் அக்கா.

மச்சினன் படித்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அது பத்தாதுக்கா. நிச்சயமா பத்தாது. ஆனா அன்னைக்குப் பார்த்து எனக்கு வெளியூர்ல ஒரு வேலை இருக்கு."

குழு வந்தது. இயக்குநர், சட்ட ஆலோசகர், கணக்கு அதிகாரி, ஆய்வாளர் அம்மா. நல்ல வெயில். கிடங்குச் சுவரோரம்தான் நிழல் இருந்ததால் நாற்காலிகளை அங்கேயே போடச் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்கள். வெல்டரின் மனைவி என்னையும் சேர்த்து அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம், "வாங்க, வாங்க, எட்ட நின்னு பாக்கலாம்" என்று தெருமுனைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். தெரு துடைத்துவிட்டாற்போல ஆனது.

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். அறிவியல் என்பது நம்பிக்கை என்றார். நம்பிக்கை என்பது முத்திரை என்றார். கணக்கு அதிகாரி கைதட்டினார்.

வெல்டர் இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார், செல்வங்களா. கடைக்குள்ளே தீ வைக்கும் பைத்தியக்காரத்தனத்தை அவர் எந்த உரிமத்துக்காகவும் செய்யமாட்டார். அதனால் தன்னுடைய ஊதுவிளக்கை எடுத்துக்கொண்டு தெருவின் மறுகோடிக்குப் போனார். காற்று கிடங்கு இருந்த திசையை நோக்கி அடிக்கிறதா என்று விரலை நனைத்துப் பார்த்துக்கொண்டார். விளக்கைப் பற்றவைத்தார். அது புஸ்ஸென்று நீல நாக்கை நீட்டியது. பாதித் தெருவில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அதைத் தாண்டி ஓரடிகூட வைப்பதில்லை என்று மனதுக்குள் உறுதி. அங்கே நின்று, இதற்கு மேல் என்னால் முடியாது, உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று மெதுவாக நடந்து வந்தார்.

முதலில் எழுந்தது ஆய்வாளர் அம்மாதான். யாரிடமும் எதுவும் சொல்லாமல், கைப்பையை எடுத்துக்கொண்டு, தெருமுனைக்கு வந்து வெல்டர் மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடுத்தது சட்ட ஆலோசகர். அவருடைய தொலைபேசி அடித்தது. எங்கள் யாருக்கும் மணி கேட்கவில்லை; அவருக்குக் கேட்டது. "சிக்னல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே சிக்னலைத் தேடி அடுத்த தெரு வரைக்கும் போனார்.

கணக்கு அதிகாரி கொஞ்ச நேரம் நெளிந்தார். "ஐயா, வெயில் அங்க நல்லா இருக்கு" என்றார்.

"உட்காருங்க" என்றார் இயக்குநர்.

"எனக்கு டாக்டர் வெயில்ல நிக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு வைத்தியத்துக்குக் கிளம்பிவிட்டார். ஓட்டம் என்று சொல்லமாட்டேன். நடைதான். ஆனால் அப்படி ஒரு நடையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

இயக்குநர் தனியாக உட்கார்ந்திருந்தார். பேசிவிட்டவருக்கு எழுந்திருப்பது சுலபமில்லை. சுவரின் ஓட்டையிலிருந்து வாசனை இறங்கி அவர் மூக்கைத் தடவியது. நீல நாக்கு வந்துகொண்டிருந்தது. விளக்குக் கம்பத்துக்கு வெல்டர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது. இயக்குநர் தெருமுனையில் எங்கள் நடுவே நின்றுகொண்டு, "அங்கேயே நில்லு, அணை, அதை அணை" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வெல்டர் நின்றார், அணைத்தார்.

"அப்ப அது பத்தும்தானே ஐயா?" என்றாள் மனைவி.

இயக்குநர் மூச்சு வாங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மனிதர் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பினார் என்கிறீர்கள்.

"திரவம் பற்றியதா? இல்லை. எல்லாரும் பார்த்தீங்க. திரவம் அமைதியா இருந்துச்சு. தீ எங்க தெரிஞ்சுது? இவர் கையில. சூடேற்றாமலே, சாதாரண வெப்பநிலையில. ஆகவே இந்தத் தெருவில் அபாயப் பொருள் இவர்தான்."

சொன்னபடியே செய்தார்கள். வெல்டருக்கு முதல் வகுப்பு அபாயப் பொருள் என்று சான்றிதழ் வந்தது. இருமல் மருந்துக்கு அடுத்து, நாட்டில் இரண்டாவது. சட்டையில் ஒட்டிக்கொள்ள, சாய்சதுரமாக ஒரு சிவப்பு வில்லையும் வந்தது.

வெல்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி சான்றிதழைப் பின்பக்கம் திருப்பினாள். அங்கே நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தன. முதல் வகுப்பு அபாயப் பொருள் இருக்கும் இடத்தின் அருகில் சோதிக்கப்பட்ட எந்தத் திரவத்தையும் சேமித்து வைக்கலாகாது.

அவள் அதைத் தம்பியிடம் கொண்டுபோய் நீட்டினாள். "முத்திரை இருக்குடா. நீதான் முத்திரைக்குக் கட்டுப்பட்டவனாச்சே."

டிரம்கள் போயின. ஊருக்கு வெளியே, ஆளில்லாத பொட்டலில் போய் உட்கார்ந்தன. வெல்டர் ஓட்டையை அடைத்து, அறையைக் காற்றாட விட்டு, வாசனை முழுக்கப் போனபிறகு கருவியைக் கையில் எடுத்தார். பள்ளிக்கூடத்துக் கேட் முடிந்தது. அவ்வப்போது சில சங்கடங்கள் உண்டுதான். பேருந்தில் வில்லையைப் பார்த்ததும் நடத்துநர் அவரைக் கடைசி இருக்கைக்கு அனுப்புவார். வீட்டில் மனைவி காய் நறுக்கக் கூப்பிட்டால், "நான் அடுப்புப் பக்கம் வரலாமா, யோசிச்சுச் சொல்லு" என்பார்.

அப்புறம் ஒருநாள் மச்சினன் அளவு நாடாவோடு பக்கத்து அறை வாசலில் நின்றான்.

"வருஷம் முடியப்போகுது மாமா. சான்றிதழைப் புதுப்பிக்கணும்ல. உங்களை மறுசோதனை பண்ணுவாங்க. அந்தப் பல்புக்கு நீங்க பத்தலைன்னா, நீங்க சாதாரணப் பொருள். நான் டிரம்மைக் கொண்டாந்துடலாம்."

வெல்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுசோதனை நாளில் அவரைச் சோதனைக் கூடத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். பித்தளைக் கிண்ணம் போதாது. ஆய்வாளர் அம்மா சிவப்பு பல்பை அவர் மூக்குக்கு நேரே காட்டினார். வெல்டர் கண்ணைச் சிமிட்டினார்.

"பற்றவில்லை" என்று எழுதினார் ஆய்வாளர் அம்மா, எழுதவே மனமில்லாமல்.

"ஏதாவது பண்ணுங்களேன்" என்று மனைவி காதில் கிசுகிசுத்தாள். "ஒரு இருமல் மருந்து பத்துது, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"சும்மா எப்படி வரும்?" என்றார் அவர்.

"விதிப்படி சீரா சூடேத்தணும்" என்று ஆய்வாளர் அம்மா மெல்லச் சொன்னார். "இங்க மனுஷனைச் சூடேத்துற அடுப்பு இல்லை. இயக்குநர் ஐயாவை வேணா கூப்பிடட்டுமா?"

இயக்குநர் வந்தார். வெல்டரின் தோளைத் தட்டினார். "பார்த்தீங்களா? இந்த ஒரு வருஷமா உங்க தெருவுல தீ விபத்தே கிடையாது. அதுலேர்ந்து என்ன தெரியுது? அந்தத் திரவம் பற்றாதுன்னு நாங்க சொன்னது சரி."

ஆய்வாளர் அம்மா பல்பைக் காட்டினார். வெல்டரின் காது மடல் லேசாகச் சிவந்தது.

"அன்னைக்கு நான் சுவரோரம் அவ்வளவு நேரம் உட்கார்ந்தேனே, எனக்கு என்ன ஆச்சு? நான் எழுந்ததுகூடக் கால் மரத்துப்போனதாலதான்."

மறுபடியும் பல்ப். வெல்டர் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதனால கிடங்கு பழைய இடத்துக்கே வரட்டும். நீங்களும் பக்கத்துலயே வெல்டிங் பண்ணுங்க. அப்படி ஏதாவது நடந்தாலும் கவலைப்படாதீங்க, அது எங்க புள்ளிவிவரத்துல வராது."

முக்காலி பின்னால் போய் விழுந்தது.

"வராதா?" என்றார் வெல்டர். அந்தக் குரலை அவர் மனைவியே அதுவரை கேட்டதில்லை. "தினம் மத்தியானம் இவ சோறு எடுத்துக்கிட்டு வந்து அந்தச் சுவரோரமாத்தான் உட்காருவா. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கயேதான் இருப்பா. இவ வருவாளாய்யா உங்க புள்ளிவிவரத்துல? கால் மரத்துப்போச்சா? மரத்த காலோடயா அந்த ஓட்டம் ஓடினீங்க? உங்க நாற்காலி இன்னும் எங்க கடையிலதான் கிடக்கு, திரும்பி வந்து எடுக்க ஒருத்தருக்குத் தைரியம் இல்லை. கால் உடைஞ்சிருந்துச்சு, அதையும் நான்தான்யா ஒட்டவச்சேன்."

கூடத்தில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசல் காவலர் மணல் வாளியோடு ஓடிவந்து, எதன்மேல் கொட்டுவது என்று தெரியாமல் திகைத்தார். இயக்குநர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் அம்மா சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். "பற்றியது" என்று எழுதினார். நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கண்ணால் பார்த்து எழுதிய முதல் 'பற்றியது' அது. எழுதிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வெல்டரிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"மன்னிச்சுக்கங்க. விதிப்படி ரெண்டு தடவை பார்த்து, ரெண்டும் ஒத்துப்போனாத்தான் செல்லும். இன்னொரு தடவை முடியுமா?"

வெல்டருடைய மனைவி முக்காலியை நிமிர்த்திப் போட்டு, புருஷனை அதில் உட்காரவைத்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சுவரோரம் நின்ற இயக்குநரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, நீங்க பேசுங்க."